நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருப்பவர்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார்." கூடவே இன்னொன்றும் வரும்: "நான் ஒண்ணுமே பண்ணல." இரண்டாவதை யாரும் நம்புவதில்லை, சொல்பவர் உட்பட. முதலாவதை மட்டும் நான் அப்படியே எடுத்துக்கொள்வேன். நேற்று ஓடிய கணினி இன்று ஓடவில்லை என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. எது என்று தெரிந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கணினியை நேற்றைய நிலைக்கே திருப்பிவிடலாம். விண்டோஸில் அதற்கென்றே சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வசதி கால் நூற்றாண்டாக இருக்கிறது.

இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த சர்வீஸ்காரர்களும் அதைத் தொடுவதில்லை. பிரிண்டர் வரவில்லையா, நெட் வரவில்லையா, கணினி நின்றுபோய் நீலத் திரை விழுகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ஃபார்மட் அடிச்சிரலாம்." அதாவது விண்டோஸ் இருக்கும் சி டிரைவை முழுக்கத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது.

நான் வேலை கற்றுக்கொண்டது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சிறிய கடையில், விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். ஃபார்மட் அடிப்பதில் உள்ள வியாபாரக் கணக்கு அங்கேதான் புரிந்தது. கோளாறைத் தேட ஆரம்பித்தால் அரை மணி நேரத்திலும் முடியலாம், அரை நாளும் ஆகலாம். ஃபார்மட் என்றால் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரியும், கூலியும் நிர்ணயம். யோசிக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரும் புதுசாக வந்த டெஸ்க்டாப்பைப் பார்த்து சந்தோஷமாகக் காசு கொடுப்பார். இன்னும் சுருக்க வழி வேண்டும் என்றால் 'கோஸ்ட்' இருந்தது. விண்டோஸ், ஆபீஸ், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போட்ட ஒரு கணினியின் சி டிரைவை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி மதர்போர்டு உள்ள மற்ற கணினிகளில் இறக்குவது. நியூசிலாந்தில் 1990களில் உருவாகி, 1998இல் சைமன்டெக் வாங்கி, பிறகு நார்ட்டன் என்ற பெயரோடு நம் கடைகளுக்கு வந்த மென்பொருள் அது. பெரும்பாலும் உரிமம் இல்லாமல்தான் வந்தது, அது வேறு கதை.

ஃபார்மட்டின் உண்மையான செலவு மறுநாள்தான் தெரியும். அதைக் கடைக்காரர் தருவதில்லை, கணினியின் சொந்தக்காரர் தருகிறார். டிடிபி சென்டர் என்றால், வருஷக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்களும், கை பழகிய விசைப்பலகை அமைப்பும் போயிருக்கும். யூனிகோடு வருவதற்கு முன்பு செய்த கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து நிற்கும். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், அதாவது அந்தக் கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், இருக்காது. அன்றைக்கு ரிட்டர்ன் போட கடைசி நாளாக இருக்கும், அது எப்போதும் அப்படித்தான் அமையும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் காலத்தில் இன்னும் மோசம். மெயில் எல்லாம் சி டிரைவுக்குள் எங்கோ ஆழத்தில் மறைந்த ஃபோல்டரில் கிடக்கும். "டேட்டா எல்லாம் டி டிரைவ்லதானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு ஃபார்மட் அடித்தால், "ஆமா" என்று சொன்னவர்தான் மறுநாள் கண் கலங்கி நிற்பார்.

சிஸ்டம் ரீஸ்டோர் முதலில் வந்தது 2000 செப்டம்பரில், விண்டோஸ் எம்ஈ என்ற பதிப்பில். விண்டோஸ் வரலாற்றில் அதிகம் திட்டு வாங்கிய பதிப்புகளில் அதுவும் ஒன்று. அதில் இருந்த நல்ல விஷயங்களில் ஒன்று இது, அதிலும் ஒரு கூத்து நடந்தது. 2001 செப்டம்பர் 8க்குப் பிறகு எடுத்த மீட்புப் புள்ளிகளுக்கு, அதாவது திரும்பிப் போவதற்காகக் குறித்து வைத்த நிலைகளுக்கு, எம்ஈயால் திரும்பிப் போக முடியவில்லை. புள்ளி எடுக்கும், பட்டியலில் காட்டும், அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போகாது. மைக்ரோசாஃப்ட் இதை ஒப்புக்கொண்டு தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. பின்னால் போக உதவும் கருவிக்கே முன்னால் ஒரு திருத்தம் போட வேண்டியதாயிற்று.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்த பிறகுதான் இது பரவலாயிற்று. எக்ஸ்பி செய்த முறை எளிமையானது. குறிப்பிட்ட சில வகைக் கோப்புகளை, அதாவது நிரல் கோப்புகள், டிரைவர்கள் போன்றவற்றை, அது கண்காணித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது மென்பொருள் அவற்றை மாற்ற வந்தால், மாறுவதற்கு முன் பழையதை ஒரு பிரதி எடுத்து 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரில் வைத்துவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் ஒரு பிரதி. இதற்காக டிஸ்கில் 12 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். 40 ஜிபி டிஸ்க்கே பெரிசாக இருந்த நாளில் இது கொஞ்சநஞ்ச இடமில்லை. அதனால்தான் கடைகளில் விண்டோஸ் போட்டு முடித்ததும் செய்கிற முதல் வேலையே ரீஸ்டோரை அணைப்பதாக இருந்தது. "ஸ்பீடு கூடும்" என்பார்கள். கூடியதா என்று யாரும் அளந்து பார்த்து நான் கண்டதில்லை.

அடுத்த பதிப்பான விஸ்டாவிலிருந்து முறை மாறியது. கோப்பு கோப்பாகப் பிரதி எடுப்பதை விட்டுவிட்டு, டிஸ்கையே 16 கேபி அளவுள்ள துண்டுகளாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். மீட்புப் புள்ளி எடுத்த கணத்தில் எதுவும் நகலாவதில்லை. அதற்குப் பிறகு ஏதாவது ஒரு துண்டின் மேல் புதிதாக எழுத வேண்டி வந்தால், எழுதுவதற்கு முன் அந்தத் துண்டில் இருந்த பழையது தனியாக ஒதுக்கி வைக்கப்படும். மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் ஒரு வரியை அழிப்பதற்கு முன் அதை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது போல. முழு நோட்டையும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதில்லை. நேற்றைய நோட்டு வேண்டும் என்றால் இன்றைய நோட்டையும் துண்டுத்தாள்களையும் சேர்த்துப் பார்த்தால் போதும். இதற்கு நிழல் பிரதி என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வினோதம் உண்டு. ஒரே கணினியில் எக்ஸ்பியும் விஸ்டாவும் இருந்தால், எக்ஸ்பியில் ஒரு தடவை நுழைந்து வந்தாலே விஸ்டாவின் மீட்புப் புள்ளிகள் எல்லாம் காணாமல் போய்விடும். புதிய முறை நிழல் பிரதியை எக்ஸ்பிக்கு அடையாளம் தெரியாது. அதனால் வந்த குழப்பம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக். ஆவணி முகூர்த்தங்களுக்கு வேலை குவிந்து கிடந்த ஒரு வாரம், டிசைன் செய்யும் கணினியில் பிரிண்ட் என்று அழுத்தினாலே மென்பொருள் உறைந்து நின்றது. பக்கத்துக் கடைப் பையன் வந்து பார்த்துவிட்டு வழக்கமான தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஃபார்மட் அடித்தால் முகூர்த்தம் தப்பிவிடும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு போன்.

போனதும் நான் திறந்தது ரிலையபிலிட்டி மானிட்டர். விஸ்டாவிலிருந்தே விண்டோஸில் இருக்கிறது, ஆனாலும் சர்வீஸ் வேலை செய்கிறவர்களிலேயே பலர் அதைப் பார்த்ததில்லை. தேதிவாரியாக ஒரு கோடு ஓடும். எந்த நாளில் எந்த மென்பொருள் உட்கார்ந்தது, எந்த நாளில் எது செயலிழந்தது என்று நாளுக்கு நாள் குறித்து வைத்திருக்கும். கோளாறு நடந்த நாள்களில் சிவப்புப் பெருக்கல் குறி. அந்தக் கணினியில் திங்கட்கிழமை வரை ஒரு சிவப்பும் இல்லை, செவ்வாயிலிருந்து வரிசையாகச் சிவப்பு. செவ்வாய் காலையில் பிரிண்டருக்கு ஒரு புது டிரைவர் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி உண்மையிலேயே ஒன்றும் பண்ணவில்லை.

இந்த மாதிரி இடத்தில் முதலில் முயல வேண்டியது ரீஸ்டோர்கூட இல்லை. டிவைஸ் மேனேஜரில் அந்தந்தக் கருவிக்கு 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே ஒரு முந்தைய பதிப்பை மட்டும் வைத்திருக்கும், அதற்குப் போகும், வேறெதையும் தொடாது. ஆனால் பிரிண்டருக்கு அந்த வழி சரியாக அமைவதில்லை. பிரிண்டர் டிரைவர் தன் பரிவாரத்தோடு வரும். ஸ்கேனர் மென்பொருள், மை அளவு காட்டும் மென்பொருள், ஏதேதோ சர்வீஸ்கள். அதனால் ரீஸ்டோருக்கே போனேன்.

மீட்புப் புள்ளி ஒன்று முந்தின வாரத்துக்கானது இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் 'பாதிக்கப்படும் நிரல்களைக் காட்டு' என்ற பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் 7இலிருந்து இருக்கும் இந்தப் பொத்தானை அழுத்தாமல் யாரும் மேலே போகக் கூடாது என்பேன். என்னென்ன போகும், என்னென்ன திரும்பி வரும் என்று பட்டியல் போட்டுக் காட்டிவிடும். பட்டியலில் அந்தப் புது டிரைவரும், அந்த வாரம் போட்ட ஒரு பிடிஎஃப் மென்பொருளும் இருந்தன. பிடிஎஃப் மென்பொருளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணாச்சிக்கு வேறு கவலை.

"தம்பி, ரிவர்ஸ்ல போனா நேத்து முந்தாநாளு செஞ்ச பத்திரிகை எல்லாம் போயிருமா?"

"போகாது அண்ணாச்சி. விண்டோஸ் மட்டும்தான் பின்னாடி போகும். உங்க ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்."

"அப்படின்னா நேத்து மாப்பிள்ளை பேரைத் தப்பா அடிச்சு வச்சிருக்கோமே, அதும் அப்படியேதான் இருக்குமா?"

"அதை நீங்கதான் மாத்தணும்."

இந்தப் பயமும் இந்த எதிர்பார்ப்பும் எல்லாரிடமும் இருக்கிறது. ரீஸ்டோர் என்பது பேக்கப் என்று நினைப்பவர்கள் ஏராளம். அழித்த ஃபோட்டோவைத் திரும்பக் கொண்டுவரும் என்று நம்பி ரீஸ்டோர் செய்தவர்கள் உண்டு, வராது. எழுதி வைத்ததெல்லாம் போய்விடும் என்று பயந்து தொடாமல் விட்டவர்களும் உண்டு, போகாது. டாக்குமெண்ட்ஸ், படங்கள், பாட்டு, இவற்றை அது சட்டை செய்வதே இல்லை. ரெஜிஸ்ட்ரி, சிஸ்டம் கோப்புகள், டிரைவர்கள், போட்டிருக்கும் மென்பொருள்கள், இவ்வளவுதான் அதன் உலகம். டெஸ்க்டாப்பில் இறக்கி வைத்த இன்ஸ்டாலர் கோப்புகள் மட்டும் சில சமயம் காணாமல் போகலாம், அவை நிரல் கோப்புகள் என்பதால்.

அச்சகக் கணினி மீண்டு எழுந்தது, பிரிண்ட் போனது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சில நாள் கழித்து அதே டிரைவர் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. கணினியைப் பின்னால் கொண்டுபோனாலும் இணையத்தின் மறுமுனையில் அந்தப் புது டிரைவர் காத்துக்கொண்டுதானே இருக்கிறது. எனவே ரீஸ்டோர் முடிந்த கையோடு, கருவிகளுக்கான டிரைவர்களைத் தானாக இறக்கும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே கோளாறுக்காக அதே வீட்டுப் படியை மறுபடி ஏற வேண்டியதுதான். இரண்டாம் முறை போய் அதை அணைத்த பிறகு அண்ணாச்சியிடமிருந்து போன் இல்லை. முகூர்த்தமும் முடிந்திருந்தது.

பிரிண்டர்கள் விஷயத்தில் மைக்ரோசாஃப்ட்டே சறுக்கியது உண்டு. 2021 மார்ச் 9 அன்று வந்த மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, சில நிறுவனங்களின் பிரிண்டர்களுக்கு அச்சுக் கட்டளை கொடுத்தாலே விண்டோஸ் 10 நீலத் திரையில் விழுந்தது. அந்த வாரம் உலகம் முழுக்க ஆபீஸ்காரர்கள் செய்தது ஒன்றுதான்: அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டுப் பழைய நிலைக்குப் போனார்கள். பிறகு அவசரத் திருத்தம் வந்தது. பாதுகாப்புத் திருத்தத்தை நீக்கி வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்பது இதில் தர்மசங்கடம். நான் கேட்டால் சரியான மாற்று வரும் வரை என்பேன், அதற்கு ஒரு நாள் கூடுதலாகக்கூட வேண்டாம்.

ரீஸ்டோரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பத்துக் கணினியைத் திறந்தால் பலவற்றில் அது அணைந்துதான் கிடக்கிறது. விண்டோஸ் 10 வந்த பிறகு நிறையக் கணினிகளில் ஆரம்பத்திலிருந்தே அணைத்த நிலையில்தான் வருகிறது. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் பக்கத்தைத் திறந்தால் சி டிரைவுக்கு நேராக 'ஆஃப்' என்று இருக்கும். கோளாறு வந்த பிறகு அதைப் பார்த்து என்ன பயன்?

இதிலும் ஒரு வேடிக்கை. பழைய சர்வீஸ்காரர்களுக்கு ஒரு கை வித்தை தெரிந்திருந்தது. விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியை 'ரெக்பேக்' என்ற ஃபோல்டரில் தானே அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கும். கணினி எழாமல் கிடந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போய் அந்தக் கோப்புகளை எடுத்து உரிய இடத்தில் ஒட்டினால், பல நேரம் எழுந்து உட்காரும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த ஃபோல்டரில் கோப்புகள் இருக்கின்றன, அளவு மட்டும் பூஜ்யம். டிஸ்கில் இடம் மிச்சப்படுத்த வேண்டுமென்றே செய்த மாற்றம் என்று மைக்ரோசாஃப்ட் பிறகு விளக்கியது. ரெஜிஸ்ட்ரி கெட்டுப்போனால் சிஸ்டம் ரீஸ்டோரைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. அந்த ரீஸ்டோரோ பல கணினிகளில் அணைந்து கிடக்கிறது! இரண்டு வேறு அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்த முடிவுகள் போலத் தெரிகிறது எனக்கு.

எல்லாவற்றுக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கும் கணினியில் ரீஸ்டோரை ஓட்டுவது ஆபத்து. ஏற்கெனவே திணறும் டிஸ்கை இன்னும் எழுதவும் படிக்கவும் விரட்டினால் மிச்சமிருப்பதும் போய்விடும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்பவரிடம் இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் "ஒரு மாசமாவே கொஞ்சம் ஸ்லோதான்" என்பார். இடையிடையே டிக் டிக் என்று சத்தம் வந்ததையும் சொல்வார். அப்படியானால் மென்பொருள் பக்கமே போகக் கூடாது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வைரஸ் இன்னொரு இடம். எக்ஸ்பி காலத்தில் வைரஸ் கோப்பும் மீட்புப் புள்ளிக்குள் பிரதியாகி உட்கார்ந்துகொள்ளும். அங்கே போய்ச் சுத்தம் செய்ய ஆன்டிவைரஸால் முடியாது. சுத்தம் செய்வதற்கு முன் ரீஸ்டோரை அணையுங்கள் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்களே எழுதி வைத்திருந்தன. அணைத்தால் எல்லாப் புள்ளிகளும் அழியும், நல்லவையும் சேர்த்து. பணம் பறிக்கும் வைரஸ்கள் வந்த பிறகு அவை இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டன. 2017 மே மாதம் உலகத்தை உலுக்கிய வான்னக்ரை, கோப்புகளைப் பூட்டுவதோடு நிற்காமல் நிழல் பிரதிகளையும் அழிக்கக் கட்டளை கொடுத்தது. அதற்கு அது பயன்படுத்தியது விண்டோஸோடு வரும் கருவிகளையேதான். ஒரே டிஸ்கில் பக்கத்தில் வைத்த பழசு எதையும் இந்த வகைத் தாக்குதலுக்கு எதிராக நம்ப முடியாது. வெளியே கழற்றி வைத்த டிஸ்க்தான் கதி.

கம்பெனிக் கணினிகளில் இன்னொரு தொல்லை. டொமைனில், அதாவது கம்பெனி சர்வரின் கட்டுப்பாட்டில், சேர்ந்திருக்கும் கணினி தனக்கென்று ஒரு கடவுச்சொல் வைத்துக்கொண்டு, வழக்கமாக 30 நாளுக்கு ஒரு முறை சர்வரோடு பேசி அதை மாற்றிக்கொள்ளும். நமக்கே தெரியாமல் நடப்பது இது. ரொம்பப் பழைய புள்ளிக்குப் போனால் கணினி கையில் பழைய கடவுச்சொல், சர்வர் கையில் புதியது. 'நம்பிக்கை உறவு முறிந்தது' என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு உள்ளேயே விடாது. கணினி பின்னால் போய்விட்டது, அதோடு பேசிக்கொண்டிருந்த சர்வர் போகவில்லை.

ஒரு பக்கம் மட்டும் பின்னால் போகும் இதே கோளாறு பெரிய அளவில் நடந்ததுதான், பங்குகளை வாங்கி விற்கும் நைட் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நேர்ந்தது. அவர்களிடம் எட்டு சர்வர்கள். ஏழில் புதிய நிரலை ஏற்றியவர்கள் எட்டாவதை விட்டுவிட்டார்கள். அந்த எட்டாவதில் 2003இலேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்திய ஒரு பழைய நிரல் இன்னும் உயிரோடு இருந்தது. புதிய நிரலை இயக்குவதற்கு வைத்த சுவிட்சும், ஒரு காலத்தில் அந்தப் பழைய நிரலை இயக்கிய சுவிட்சும் ஒன்றே. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் கண்டபடி ஆர்டர்களை அனுப்ப ஆரம்பித்தது. பதற்றத்தில் அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கிப் பழையதற்குப் போனார்கள். சுவிட்ச் மட்டும் போட்டபடியே இருந்தது. இப்போது எட்டு சர்வர்களும் அந்தச் செத்த நிரலை ஓட்ட ஆரம்பித்தன. மொத்தம் 45 நிமிடம், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையத்தின் உத்தரவில் இதெல்லாம் விவரமாகப் பதிவாகியிருக்கிறது. கோளாறு எங்கே என்று பார்க்காமல், மாறியது எல்லாவற்றையும் திருப்பிவிட்டால் போதும் என்று நினைக்கும் எல்லாருக்கும் இதை நான் சொல்வதுண்டு. ஏழு நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால், பார்க்க வேண்டியது அந்த ஒன்றை.

2024 ஜூலை 19இன் கதை வேறு. அன்றைக்குத் தவறைக் கண்டுபிடித்ததிலும் தாமதமில்லை, திருப்பியதிலும் தாமதமில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் நம் நேரப்படி காலை 9.39க்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது, 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. நடுவில் 78 நிமிடம். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். திரும்பப் பெற்ற பிறகும் ஏன் சரியாகவில்லை? விழுந்த கணினி முழுதாக எழுந்தால்தானே நெட்டுக்குப் போய்ச் சரியான கோப்பை வாங்க முடியும். அது எழும்போதே அந்தக் கெட்ட கோப்பைப் படித்து மறுபடி விழுகிறது. ஒவ்வொரு கணினி முன்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து, அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும் சேஃப் மோடில் நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்கைப் பூட்டி வைத்திருந்த கணினிகளில் அதற்கும் முன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். சர்வீஸ்காரர்களுக்குத் திருவிழா என்று வெளியில் நினைத்திருப்பார்கள். அந்த வாரம் தூங்காதவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

தொலைவிலிருந்தே திருப்புவதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் இன்னொரு ஏற்பாடு உண்டு, 2021இல் அதைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள். மாதாந்தரத் திருத்தத்தில் ஒரு மாற்றம் வரும்போது, பழைய நிரலையும் அழிக்காமல் கூடவே வைத்து அனுப்புகிறார்கள். மாற்றம் கோளாறு செய்தால், அங்கிருந்து ஒரு சிறு அமைப்பை மட்டும் மாற்றுகிறார்கள். மறுமுறை கணினி எழும்போது பழைய நிரலே ஓடும். நமக்குத் தெரியவே தெரியாது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இந்த வசதி கிடையாது, ஓட்டையை மறுபடி திறந்து வைக்க முடியாதே. இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பழசைத் தேடிப் போக வேண்டியதில்லை, புதுசின் கூடவே அது வருகிறது. ஆண்ட்ராய்டு 7இலிருந்து பல போன்களில் இருப்பதும் இதே சிந்தனைதான். சிஸ்டத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கி, ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதியதை ஏற்றுவார்கள். புதியது எழவில்லை என்றால் போன் தானாகப் பழைய பக்கத்துக்கே திரும்பிவிடும்.

அதே போன்களில் நாமாக விரும்பிப் பழைய பதிப்புக்குப் போவதுதான் கஷ்டம். ஆப்பிள் பழைய ஐஓஎஸ் பதிப்புக்கு டிஜிட்டல் ஒப்புதல் கையொப்பம் இடுவதை நிறுத்திவிட்டால் அதைப் போடவே முடியாது. ஆண்ட்ராய்டிலும், இதைவிடக் கீழே போகக் கூடாது என்று ஒரு எண்ணைப் பத்திரமான இடத்தில் குறித்து வைக்கிறார்கள். போனைத் திருடியவன் பழைய ஓட்டை உள்ள பதிப்பை ஏற்றிப் பூட்டை உடைக்கக் கூடாது என்பது காரணம். நியாயம்தான். ஆனாலும் அப்டேட் போட்ட மறுநாள் பேட்டரி மதியமே காலியாகிறது என்று போனை நீட்டுபவரிடம் இந்த நியாயத்தை எடுத்துச் சொல்வது சுலபமில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ்களில் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை இயக்கி, சி டிரைவில் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிடுகிறேன். ஏதாவது பெரிதாகப் போடுவதற்கு முன் கையாலேயே ஒரு புள்ளி எடுக்கிறேன், தானாக எடுக்கும் என்று நம்புவதில்லை. மென்பொருள்கள் கேட்டாலும் 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது புள்ளியை விண்டோஸ் எடுப்பதில்லை, விண்டோஸ் 8இலிருந்து அப்படி. பழைய புள்ளிகளும் ரொம்ப நாள் நிற்பதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் முதல் அதிகபட்சம் 60 நாள் என்று வரையறுத்துவிட்டார்கள். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்கு மாறினால் திரும்ப 10 நாள்தான் கெடு, அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டரை அதுவே துடைத்துவிடும். அந்த 10 நாளில் எல்லா மென்பொருளையும் ஒரு தடவையாவது திறந்து பார்த்துவிடுங்கள் என்று ஆபீஸ்காரர்களிடம் சொல்லி வைப்பேன். மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் சம்பள மென்பொருள்தான் எப்போதும் மாட்டும்.

இன்னொன்று, ஒவ்வொரு கணினிக்குப் பக்கத்திலும் ஒரு நோட்டு. புதிதாக எது போட்டாலும், யார் வந்து தொட்டாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அது பால் கணக்கு எழுதத்தான் பயன்படுகிறது. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மட்டும் அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் விடாமல் எழுதுவார். போன மாதம் அங்கே பிரிண்டர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். நோட்டைப் பார்த்தேன். "14ஆம் தேதி: டோக்கன்காரர் வந்தார். ஏதோ போட்டார்." போட்டிருக்கும் மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்கினால், 14ஆம் தேதியில் இரண்டு இருந்தன. ஒன்று டோக்கன் டிரைவர். இன்னொன்று, கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்கித் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் இலவச மென்பொருள், யாரும் கேட்காமல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. பிரிண்டருக்கான சர்வீஸை அது 'தேவையில்லாதது' என்று அணைத்து வைத்திருந்தது. அதை நீக்கி, சர்வீஸை மறுபடி இயக்கியதும் பிரிண்டர் வந்துவிட்டது. ரீஸ்டோர் வரைக்கும் போகவே தேவையில்லை.

"எப்படித் தம்பி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆடிட்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா சொன்னார்: "அதான் நான் எழுதி வச்சிருந்தேனே சார்."